ஆட்டுக்கறிக் குழம்புக்கு ரெட் ப்ளெண்ட் ஒத்துப்போகுமா?

கேள்வி, ஆகஸ்ட் 14 (தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து ஒரு வாசகர்)

நம்ம வீட்டு ஆட்டுக்கறிக்கு ரெட் ஒயின் குடிப்பது வெறும் பந்தா. வாய் எரியும், ஒயின் கசக்கும், கறியும் கெடும். பீர் இருந்தால் பீர், இல்லாவிட்டால் கேன் என்கிற கரும்புச் சாராயம். இத்தனை வருஷத்தில் ஒயின் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அதிலும் பல திராட்சை ஒயின்களைச் சேர்த்த இந்த 'ப்ளெண்ட்' என்பது மிச்சம் மீதியை ஊற்றிக் கலக்குவது. மறுப்பவர்கள் வீட்டுச் சாப்பாட்டோடு குடித்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். கேப் டவுன் ரெஸ்டாரன்ட் கதை எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 16, சனி இரவு

பாட்டிலைத் திறந்தாயிற்று.

கறி அத்தை வைத்தது. டர்பனில் நம்ம ஆட்கள் நிறைந்த சாட்ஸ்வர்த் வீட்டுக் கறி என்றால் தெரியுமே. எலும்போடு செம்மறிக் கறி, தக்காளி தாராளம், மசாலா அதைவிடத் தாராளம். பட்டை, சோம்பு, ஏலக்காய், கறிவேப்பிலை, இறக்கும் முன் கொஞ்சம் தைம். குழம்பைக் குடித்துக் குடித்து உடையப்போகும் 'அப்-டு-டேட்' ரக உருளைக்கிழங்கு. மேலே சிவப்பாக எண்ணெய். நான் திருநெல்வேலிக்காரி, தேங்காய் அரைத்து ஊற்றாததைக் கறிக்குழம்பு என்று ஒத்துக்கொள்ளவே கல்யாணம் ஆகி ரொம்ப நாள் ஆனது எனக்கு. கூடவே சோறு, பருப்பு, வெங்காயம் போட்ட காரட் சாலட், காய்கறி ஊறுகாய்.

பாட்டில் கானன்கோப் கடெட். பினோடாஜ், கேபர்னே சொவீன்யோன், மெர்லோ, கேபர்னே ஃப்ராங்க் என்ற நான்கு சிவப்புத் திராட்சைகள் சேர்ந்த கலவை, கேப் பக்கத்து ஸ்டெலன்போஷிலிருந்து. ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி.

தனியாக ஒரு வாய்: நாவல்பழச் சாயல், கொஞ்சம் புகை, கடைசியில் ஈறைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. பருப்புச் சோற்றோடு: ஒன்றும் கெடவில்லை, ஒன்றும் கூடவும் இல்லை. குழம்பு பிசைந்த சோற்றோடு: இங்கேதான் நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. காரம் இரண்டு மடங்கானது. பழம் காணாமல் போய், ஒயினில் மரமும் கசப்பும் மட்டும் மிஞ்சியது. என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் சொம்பைத் தேடினார்.

ஆனால் கொழுப்பு ஒட்டிய கறித்துண்டை எலும்பிலிருந்து கடித்து இழுத்து, அதற்கு மேல் ஒரு வாய் குடித்தேன் பாருங்கள். துவர்ப்பு பாதியாக அடங்கிவிட்டது. உருளைக்கிழங்கோடு இன்னும் நன்றாக இருந்தது. அதே தட்டு, அதே பாட்டில். எதை அள்ளி வாயில் போட்டேன் என்பதைப் பொறுத்து ஒயின் மாறிக்கொண்டே வந்தது.

ஊறுகாயோடு முயற்சி செய்யாதீர்கள். மேற்கொண்டு எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 17

நேற்றைய கறியைச் சூடு பண்ணினோம். பாட்டிலிலும் பாதி இருந்தது, தக்கையை அழுத்தி மூடி வைத்திருந்தேன். இன்றைக்கு இரண்டுமே நிதானத்துக்கு வந்துவிட்டன. கறி மறுநாள்தான் கறி என்று நம்மில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மசாலா உள்ளே இறங்கி, முகத்தில் அறைகிற காரம் தணிந்திருக்கும். ஒயினும் காற்றுப்பட்டு முரட்டுத்தனம் குறைந்திருந்தது. குழம்புச் சோற்றோடும் இன்று சண்டை இல்லை. நல்ல ஜோடி என்று சொல்ல மாட்டேன். ஒரே கூரையின் கீழ் இருக்கலாம்.

அதனால் நேற்றைய தீர்ப்பை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

ஆகஸ்ட் 19

"எரிவது எனக்கு மட்டும்தானா, எல்லோருக்குமா" என்று ஜோகன்னஸ்பர்க் தம்பி கேட்டிருக்கிறார். எல்லோருக்கும்தான், அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

நாக்கில் சூட்டை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது. சுமார் 43 டிகிரி வந்தால் 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் காப்சாய்சின் அதே ஏற்பியைத்தான் தட்டி எழுப்புகிறது. அதனால்தான் ஆறிப்போன கறியும் 'சுடுகிறது'. ஆல்கஹால் என்ன செய்கிறது என்றால், அந்த ஏற்பி விழித்துக்கொள்ளும் வெப்பநிலையையே கீழே இறக்கிவிடுகிறது, உடம்புச் சூடே போதும் என்கிற அளவுக்கு. மிளகாயும் ஆல்கஹாலும் ஒரே கதவை இரண்டு பக்கமிருந்து தள்ளுகின்றன. ஆக 14 சதவீத ஒயின் 12 சதவீத ஒயினைவிட அதிகம் எரிக்கும். பீர் 5 சதவீதம்தான், குளிர்ந்து வேறு இருக்கிறது. அதனால்தான் அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது.

துவர்ப்பு வேறு சங்கதி. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிற டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். வழுவழுப்பு போய் வாய் வறண்டு உரசும். கறியில் கொழுப்பும் புரதமும் இருந்தால் டானினுக்கு வேறு வேலை கிடைத்துவிடுகிறது, வாயை விட்டுவிடும். உப்பும் கசப்பைக் கொஞ்சம் அடக்கும். சனிக்கிழமை எலும்புக்கறியும் கிழங்கும் காப்பாற்றியதும், கறித்துண்டு இல்லாத குழம்புச் சோறு கைவிட்டதும் இதனால்தான்.

இங்கே செம்மறி என்பது ஒரு வசதி. ஊரில் நாம் வாங்குகிற வெள்ளாட்டில் இவ்வளவு கொழுப்பு கிடையாது.

ஆகஸ்ட் 20

"தயிர் ஊற்றிச் சாப்பிட்டு ஒயின் குடிக்கலாமா?" யாரப்பா இது. குடிக்கலாம். பேசாமல் தூங்கவும் போகலாம்.

ஆகஸ்ட் 24

மிச்சம் மீதியைக் கலக்குவதுதான் ப்ளெண்ட் என்ற பேச்சுக்கு வருகிறேன். அப்படிக் கலக்குகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் நல்ல சிவப்பு ஒயினின் கதையே பெருமளவு கலவையின் கதைதான்.

ஷாட்டோ லிபர்டாஸ் என்ற கலவை ஒயின் 1932-ல் வந்தது. ரூட்பெர்க் 1949. இரண்டும் இன்றைக்கும் கடையில் கிடைக்கின்றன. இந்தக் குடும்பத்தில் பழைய தலைமுறை 'ஒயின்' என்று சொன்னால் இந்த இரண்டில் ஒன்று, இல்லையென்றால் டாசன்பெர்க். பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் டாசன்பெர்க்கைத் தெரியும். காசு இல்லாத வயதின் பானம். பிறகு பிரான்ஸின் போர்தோ பாணியில் கேபர்னேயும் மெர்லோவும் கேபர்னே ஃப்ராங்கும் சேர்த்துச் செய்வது 1979-ல் வெல்கமீண்ட் தோட்டத்தில் தொடங்கியது. மறு வருஷம் மியர்லஸ்ட்டின் ரூபிகான், அதற்கடுத்த வருஷம் கானன்கோப்பின் பால் சாவர். இதெல்லாம் மிச்சத்தை ஊற்றிய ஆட்கள் செய்ததில்லை.

இன்னொன்று. லேபிளில் 'கேபர்னே சொவீன்யோன்' என்று ஒற்றைப் பெயர் போட இங்கே 85 சதவீதம் அந்தத் திராட்சை இருந்தால் போதும். மீதி 15 வேறாக இருக்கலாம். ஆக ப்ளெண்டே வேண்டாம் என்று ஒற்றைத் திராட்சை வாங்குகிற அண்ணன், பல நாள் ப்ளெண்ட்தான் குடித்துக்கொண்டிருக்கிறார்.

'கேப் ப்ளெண்ட்' என்றால் கலவையில் பினோடாஜ் கணிசமாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். சட்டத்தில் வரையறை இல்லை. பினோடாஜ் இந்த மண்ணில் பிறந்தது. 1925-ல் ஸ்டெலன்போஷில் பேராசிரியர் பெரோல்ட் பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சைகளை இணை சேர்த்து உண்டாக்கினார். கிடைத்தது நாலே விதை. அவற்றைத் தன் வீட்டுத் தோட்டத்தில் ஊன்றினார். இரண்டு வருஷம் கழித்து அவர் வேலை மாறிப் போய்விட, தோட்டம் புதர் மண்டியது. சுத்தம் செய்ய வந்தவர்கள் கன்றுகளையும் சேர்த்துப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். சார்லி நீஹவுஸ் என்ற இளம் விரிவுரையாளர் அந்தப் பக்கம் வந்து காப்பாற்றினார். அதே நீஹவுஸ்தான் பின்னாளில் ரூட்பெர்க்கை உருவாக்கியவர். இப்படி ஒரே ஆள் இரண்டு கதையிலும் வருவது எனக்குப் பிடிக்கும்.

பினோடாஜ் என்று எழுதிய முதல் லேபிள் 1959 அறுவடையிலிருந்து வந்தது, லான்செராக் பெயரில். அதற்கு வாழைப்பழ வாசம், எரிந்த ரப்பர் வாசம் என்று கெட்ட பெயரும் கூடவே வந்தது. கவனமில்லாமல் செய்தால் இரண்டும் வரத்தான் செய்யும்.

ஆகஸ்ட் 30, சனி

இரண்டாவது பாட்டில்: உல்ஃப்டிராப். பெரும்பங்கு சிரா, கூட மூர்வேத்ர், ஒரு சிட்டிகை வியோன்யே. கடைசியாகச் சொன்னது வெள்ளைத் திராட்சை, வாசத்துக்காகச் சேர்ப்பது. விலை கடெட்டைவிடக் குறைவு.

இன்றைக்கு அடுப்பு என் கையில். சாப்ஸை மிளகும் சோம்பும் வறுத்துப் பொடித்து, சின்ன வெங்காயம் போட்டு, தண்ணீர் விடாமல் சுருள வதக்கியது. மிளகாய் பேருக்கு இரண்டு வற்றல். தக்காளி கிடையாது. அத்தை எட்டிப் பார்த்து, "கிரேவி எங்கம்மா?" என்றார். கிரேவி இல்லாத கறி அவருக்குப் பாதியில் நிறுத்திய வேலை.

இதுதான் பொருந்தியது. பொருந்தியது என்றால், ஒயின் குடித்த பின் மிளகு இன்னும் வாசமாகத் தெரிந்தது. மிளகுக் கறி தின்ற பின் ஒயினில் பழம் முன்னுக்கு வந்தது. எரிச்சல் உண்டு, மூக்கு வரை ஏறாது.

காரணமும் இருக்கிறது. சிராவில் வருகிற மிளகு வாசம் உவமை அல்ல. ரோட்டண்டோன் என்று ஒரு சேர்மம். 2008-ல் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நம்ம கருமிளகிலும் அதே சேர்மம்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் மூக்கில் ஏறவே ஏறாது. என் வீட்டுக்காரர் அந்த ஐந்தில் ஒன்று என்று சந்தேகப்படுகிறேன். "மிளகா? ஜாம் வாசம்தான் வருது" என்கிறார். இந்த மனிதருக்கு இத்தனை நாள் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தது வீண்தானா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரம் தெரியுமாம். மிளகின் காரம் பைப்பரின் என்ற சேர்மத்தின் வேலை, அது வேறு.

ஆகஸ்ட் 31

முதல் கேள்வி கேட்ட மாரிட்ஸ்பர்க் அண்ணன் ஆட்சேபம்: "நீங்கள் கறியை மாற்றிவிட்டு ஒயின் ஜெயித்தது என்கிறீர்கள். கேள்வி நம்ம ஊர்க் கறியைப் பற்றி."

நியாயம். சிவப்புக் குழம்புக்கே திரும்புகிறேன்.

செப்டம்பர் 2

கிளாஸ் பற்றி இரண்டு பேர் கேட்டீர்கள். வயிறு அகன்று வாய் சுருங்கிய எந்தக் கிளாஸும் போதும், கால்வாசிக்கு மேல் ஊற்றாமல் இருந்தால். பெரியப்பா எவர்சில்வர் டம்ளரில் குடிப்பார். வாசம் தெரியாது என்று சொன்னேன். "வாசத்துக்கா குடிக்கிறேன்?" என்றார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சின்சோவும் கிரெனாஷும் கலந்த ஒரு பாட்டில், கேப்பின் ஸ்வார்ட்லாண்ட் பகுதியிலிருந்து. வெளிர் சிவப்பு, கிளாஸுக்குப் பின்னால் விரல் தெரிகிறது. ஆல்கஹால் 12.5. இதையெல்லாம் லேபிளில் பார்த்து, வேண்டுமென்றே எடுத்தேன். டானின் குறைந்த, லேசான ஒயின் சிவப்புக் குழம்பைத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

கறி மறுபடியும் அத்தையுடையது, ஆகஸ்ட் 16-ல் வைத்த அதே முறை. குறைத்து வையுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது.

தாங்கியது. குழம்புச் சோற்றோடு குடித்தபோது எரிச்சல் கூடவில்லை என்று சொல்ல முடியாது. கூடியது, ஆனால் யாரும் தண்ணீருக்கு ஓடவில்லை. கசப்பு எட்டிப் பார்க்கவில்லை. புளிப்பு சற்றுத் தூக்கலான ஒயின் என்பதால் தக்காளிக்கு ஈடு கொடுத்தது. கடெட் அன்றைக்குத் தட்டையாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது படுகிறது: சாப்பாட்டில் புளிப்பு அதிகமாக இருந்தால் ஒயினின் புளிப்பு நாக்குக்கு மறைந்துவிடும், ஒயின் செத்துப்போன மாதிரி ஆகிவிடும். நான் காரத்தை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தக்காளிக்கும் பங்கு உண்டு.

சின்சோவை இந்த நாட்டில் வெகுகாலம் ஹெர்மிடேஜ் என்றுதான் கூப்பிட்டார்கள். பினோவோடு அதைச் சேர்த்ததால்தான் 'பினோடாஜ்'. ஒரு காலத்தில் இங்கே அதிகமாகப் பயிரான சிவப்புத் திராட்சை இதுதான். பிறகு மலிவுச் சரக்கு என்று பிடுங்கிப் போட்டார்கள். இப்போது பழைய கொடிகளைத் தேடி இளைஞர்கள் அலைகிறார்கள்.

என் வீட்டுக்காரர் கருத்து: "ஜூஸ்." மறுபடி ஊற்றச் சொன்னதையும் பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் 16

நாளை புரட்டாசி பிறக்கிறது. ஒரு மாதம் கறி இல்லை, குடி இல்லை. நேற்றும் இன்றும் டர்பனில் தமிழ் வீடு எதிலும் ஃப்ரிட்ஜில் கறி மிஞ்சக் கூடாது என்று ஒரு வெறியோடு சமையல் நடந்திருக்கும். எங்கள் வீட்டில் மத்தியானம் ஆட்டுக்கறி, ராத்திரி கோழி, நடுவில் சமோசாவுக்குள்ளும் கறி. ஒயின் திறக்கவில்லை. வயிற்றில் இடம் இல்லை.

செப்டம்பர் 24

ஹெரிட்டேஜ் டே, நாட்டின் பாரம்பரிய நாள். நாடு முழுக்கப் பிராய் புகை, அதாவது வெளியில் நெருப்பு மூட்டிக் கறி சுடுகிற புகை. எங்கள் மாடி பால்கனிக்குப் பக்கத்து வீட்டுப் பூர்வோர்ஸ் தொத்திறைச்சி வாசம் சரியாக வருகிறது. நாங்கள் சோளம் சுட்டுத் தின்கிறோம். அத்தை பால்கனிக் கதவைச் சாத்தச் சொன்னார். வாசத்துக்கும் விரதம்.

ஒரு சகோதரி கேட்டிருந்தார், புரட்டாசி இல்லாத மாதத்திலும் சைவமாக இருப்பவர்கள் ஒயின் குடிக்கலாமா என்று. திராட்சைச் சாறுதானே என்று நினைக்க வேண்டாம். கலங்கலைத் தெளிய வைக்க முட்டையின் வெள்ளைக்கரு, பாலின் கேசீன், ஜெலட்டின், மீனின் காற்றுப்பை இவற்றில் ஒன்றைப் போடுவது பழைய வழக்கம். சிவப்பு ஒயினில் டானினை மட்டுப்படுத்த முட்டை வெள்ளைதான் பேர் போனது. அது அடியில் படிந்ததும் ஒயினைப் பிரித்துவிடுவார்கள். என்றாலும் பட்டது பட்டதுதான் என்று நினைப்பவர்கள் பாட்டிலில் 'வீகன்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். களிமண் போட்டுத் தெளிய வைப்பவர்களும் உண்டு, எதுவும் போடாமல் விடுபவர்களும் உண்டு.

செப்டம்பர் 27

ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார்: தோட்டத் தொழிலாளிகளை ஒயினால் கெடுத்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு நாவல்பழச் சாயல் பேசுகிறீர்களே என்று.

அந்தப் பேச்சும் வர வேண்டியதுதான். மேற்குக் கேப்பின் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பங்கை ஒயினாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். 'டாப்' முறை என்று பெயர். சட்டம் தடை செய்த பிறகும் பல பண்ணைகளில் நெடுங்காலம் நடந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகத்திலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் அந்தப் பகுதியும் ஒன்று. கர்ப்பமாக இருக்கும்போது ஒரு வாய்கூட வேண்டாம் என்பதை இந்த இடத்தில் தனியாகச் சொல்லிவிடுகிறேன், பாயசம் ஊற்றுகிற மாதிரி 'கொஞ்சம் குடிம்மா' என்று உபசாரம் பண்ணும் அத்தைமார் நம்மிடமும் இருக்கிறார்கள்.

நான் குடிப்பதை நிறுத்தப் போவதில்லை. தோட்டம் யார் கையில், கூலி எப்படி என்று கொஞ்சம் விசாரித்து வாங்குகிறேன். அதற்கு மேல் இதில் என்னிடம் பதில் இல்லை.

அக்டோபர் 5

ஒயின் வாய்க்கு எட்டாத மாதத்தில்தான் அதைப் பற்றி யோசிக்க முடிகிறது. முன்னால் எழுதிய குறிப்புகளை வரிசையாகப் படித்தேன்.

ரெஸ்டாரன்ட் ஆட்கள் 'ரெட் மீட் என்றால் ரெட் ஒயின்' என்கிறார்கள். அது வெறும் உப்பும் மிளகும் போட்டுச் சுட்ட கறிக்கு. நம் தட்டில் கறி எங்கே தனியாக வருகிறது? நாக்கில் முதலில் இறங்குவது குழம்பு. அதனால் குழம்பைப் பார்த்து ஒயினை எடுக்க வேண்டும், உள்ளே கிடப்பது ஆடா கோழியா என்பது இரண்டாவது. சிவந்த தக்காளிக் குழம்புக்கு லேசானது, புளிப்பானது, ஆல்கஹால் குறைந்தது. மிளகு வறுவலுக்குச் சிரா கலவை. கேபர்னே பெரும்பங்காக இருப்பதைக் காரமே இல்லாத ரோஸ்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் அரைத்த எங்கள் ஊர்க் குழம்புக்கு? அதை இன்னும் பார்க்கவில்லை. தேங்காய்க் கொழுப்பு துவர்ப்பை அடக்கும் என்று கணக்குச் சொல்கிறது. தேங்காயின் தித்திப்பு ஒயினைக் கசக்கவும் வைக்கலாம். ஐப்பசி பிறக்கட்டும்.

அக்டோபர் 6

"கேபர்னே ரோஸ்டுக்குத்தான் என்றால் கடெட்டை ஏன் முதலில் எடுத்தீர்கள்?" அலமாரியில் அதுதான் இருந்தது.

அக்டோபர் 25, சனி

தீபாவளி திங்கட்கிழமை முடிந்தது. அன்றைக்கு எங்களுக்குச் சைவம்தான். இன்றைக்குப் பிரியாணி. இந்த ஊர்ப் பிரியாணியில் மைசூர்ப் பருப்பு கிடக்கும், உருளைக்கிழங்கு பொரித்துப் போட்டிருக்கும், தம் போட்ட பிறகு கிண்டாமல் அள்ள வேண்டும். கூடவே பருப்பும் மோரும். சென்னையிலிருந்து வந்திருந்த என் அண்ணன், "பிரியாணிக்குப் பருப்பு ஊற்றுவார்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். அத்தை காதில் விழுந்துவிட்டது.

பாட்டில் ரூட்பெர்க். பிரியாணி காரத்தில் அடங்கியது. நெய்யும் பொரித்த வெங்காயமும்தான் அதில் பேசும். பொரித்த வெங்காயத்தோடு ஒயின் சேர்ந்த இடம் அருமை, பட்டை கிராம்பு வாசம் இரண்டிலிருந்தும் வந்து எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. ஓக் பீப்பாயில் கிராம்பு வாசம் தருகிற யூஜெனால் இருக்கிறது, கிராம்பில் இருப்பதும் அதுதான். மோரை வாயில் வைத்துக்கொண்டு குடித்தால் பால் திரிந்த ருசி. அதை மட்டும் தள்ளி வைத்தோம்.

இதுவரைக்கும் எனக்குப் பிடித்தது இதுதான். முன்பு சிராவுக்குக் கொடுத்த முதலிடம் கீழே இறங்குகிறது.

நவம்பர் 8

தேங்காய்க் குழம்பு, சின்சோ கலவை. கணக்கு பாதி சரி. துவர்ப்பு அடங்கியது, ஆனால் ஒயினே இல்லாத மாதிரி அடங்கியது. லேசான ஒயின் தேங்காய்க்குள் மூழ்கிவிட்டது. இதற்குக் கடெட் மாதிரி கொஞ்சம் முரட்டு ஆள் வேண்டும் போல. திருநெல்வேலிக் குழம்பு ஸ்டெலன்போஷ் கேட்கிறது, சாட்ஸ்வர்த் குழம்பு ஸ்வார்ட்லாண்ட் கேட்கிறது.

இன்னொரு சங்கதி, சூடு. ஆகஸ்டில் இதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, ஏனென்றால் அப்போது டர்பன் இரவு குளிர்ச்சி; பாட்டிலை மேசையில் வைத்தால் போதும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி என்பது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறையைச் சொன்னது, 16 முதல் 18 டிகிரி. இங்கே இப்போதே வியர்த்து ஒழுகுகிறது, ஜனவரியில் அறை 28 தாண்டும். அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் அடிக்கும், கறியின் காரத்தோடு கை கோத்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சின்சோ மாதிரி லேசானது என்றால் இன்னும் கொஞ்சம் அதிக நேரம்.

பெரியப்பா ஐஸ் கட்டி போடுகிறார். கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், சிவப்புக் குழம்போடு அந்த டம்ளர் மோசமாக இல்லை. தண்ணீர் கலந்து ஆல்கஹால் இறங்குகிறது, குளிர்கிறது. நான் பாட்டில் பாட்டிலாகத் தேடியதை ஐஸ் கட்டி இரண்டு நிமிஷத்தில் செய்துவிட்டது. ஒயின் செய்தவர்கள் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.

நவம்பர் 16

1860-ல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த நாள். மாரிட்ஸ்பர்க் அண்ணன் எழுதுகிறார்: "நம்ம தாத்தன் பாட்டன் வெட்டியது கரும்பு. ஆகவே கேன்தான் நம்ம சரக்கு. திராட்சை கேப்காரன் சரக்கு."

அண்ணே, அந்தக் கணக்குப்படி அவர்கள் வெட்டிய கரும்பின் லாபமும் நம்ம சரக்காக இருந்திருக்க வேண்டும்.

சின்சோவை ஐஸோடு குடித்துப் பார்த்தீர்களா என்று உங்களிடம் கேட்டிருந்தேன், அதற்கு மட்டும் பதிலைக் காணோம்.

நவம்பர் 19

பதில் வந்துவிட்டது. "குடித்தேன். பரவாயில்லை. கேன் அளவுக்கு இல்லை." இந்த மனிதரிடமிருந்து 'பரவாயில்லை' என்பது பெரிய சங்கதி என்று அவர் வீட்டு அக்கா எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார்.

நவம்பர் 22

கடைசியாக ஒருவர் டின் மீன் குழம்பைப் பற்றிக் கேட்டார், மாசக் கடைசிச் சாப்பாட்டுக்கும் ஒயின் உண்டா என்று. தக்காளிச் சாஸில் பில்ச்சர்ட் மீன், பச்சை மிளகாய், வெங்காயம், கொஞ்சம் புளி. எங்கள் வீட்டில் அவசரத்துக்கு அதுதான்.

சிவப்பு வேண்டாம். எந்தக் கலவையும் வேண்டாம். சிவப்பு ஒயினில் இரும்புச்சத்து சற்று கூடுதலாக இருக்கும்; மீன் எண்ணெயோடு அது சேரும்போது வாயில் பச்சை மீன் கவிச்சை கிளம்பும். எண்ணெய் மீனில் இன்னும் மோசம். நான் இதைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மிச்சமிருந்த கடெட்டோடு குடித்துப் பார்த்தார். அவருக்கு மிளகு வாசம்தான் வராது, இது நன்றாக வந்தது. ஷெனின் பிளாங்க் வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, நாளைக்கு அதோடு பார்க்கப் போகிறார். மீன் இன்னும் அரை டின் இருக்கிறது.